ஆட்சேபணை ஏதும் வரவில்லை

கடலை ஆராய்வதற்கென்று மத்திய அரசு சென்னையில் ஒரு நிறுவனம் வைத்தது. தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் என்று பெயர். கடற்கரைக்குப் பஞ்சமில்லாத ஊரில் அதற்கு இடம் பார்த்த புண்ணியவான்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அடுத்து, காற்றாலைகளை ஆராய ஒரு நிறுவனம் வந்தது. காற்று எல்லா ஊரிலும்தான் வீசுகிறது. அந்த நிறுவனமும் அதே சதுப்பில்தான் போய் உட்கார்ந்தது. மாநகராட்சிக்குக் குப்பை கொட்ட இடம் வேண்டும் என்றார்கள். சதுப்பின் பெருங்குடி ஓரத்தைக் காட்டினார்கள். துரைப்பாக்கத்தையும் பல்லாவரத்தையும் இணைக்க இருநூறடிச் சாலை போட்டார்கள். சதுப்பின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. பறக்கும் ரயிலுக்கும் அங்கேதான் தூண். மென்பொருள் கம்பெனிகளுக்கும் அந்தப் பக்கம்தான் மனை. கூவம் கரையிலிருந்து மூட்டை முடிச்சோடு ஏற்றி அனுப்பப்பட்ட ஏழைகளை இறக்கிவிட்டதும் அந்தப் பக்கம்தான்.

இத்தனை பேருக்கு மடி கொடுத்த நிலத்தில் மழைத்தண்ணீருக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

1960களில் ஏறக்குறைய 5,500 ஹெக்டேர் பரந்து கிடந்த சதுப்பு அது. அறுநூறு சொச்சம் ஹெக்டேராகச் சுருங்கிய பிறகுதான் அதற்கு ஒரு பெயர்ப்பலகையும் வேலியும் கிடைத்தன. தென்சென்னையைச் சுற்றி 250 சதுர கிலோமீட்டர் நிலத்தில் விழும் மழை, அறுபதுக்கும் மேற்பட்ட ஏரி குளங்களை நிரப்பிவிட்டு, மிச்சத்தை இங்கேதான் கொண்டுவந்து கொட்டுகிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேர வேண்டும். இந்த வழியைக் கண்டுபிடிக்க ஐ.ஐ.டி. வரைக்கும் போக வேண்டியதில்லை. பெரும்பாக்கத்தில் மாடு மேய்த்த கிழவரைக் கேட்டிருந்தால் குச்சியால் தரையில் கிழித்துக் காட்டியிருப்பார்.

அப்படியானால் மீதி ஐயாயிரம் ஹெக்டேரைத் தின்றது யார்? கொள்ளைக்காரன் யாரும் வரவில்லை. இந்த ஊரில் ஏரியைத் திருடுகிறவன் நள்ளிரவில் முகத்தை மூடிக்கொண்டு வருவதில்லை. காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கோப்பைத் திறக்கிறான். ஒவ்வொரு ஏக்கருக்கும் கோப்பு இருக்கிறது. ஒவ்வொரு கோப்பிலும் முத்திரை இருக்கிறது. சட்டமீறல் என்று சொல்ல முடியாது, சட்டத்தைக் கொண்டுதான் செய்தார்கள்.

சென்னைப் பெருநகருக்கு 1975-ல் முதல் முழுமைத் திட்டம் வந்தது. இரண்டாவது 2008 செப்டம்பரில். இடைவெளி முப்பத்து மூன்று ஆண்டு. ஒரு குழந்தை பிறந்து, படித்து, கல்யாணம் முடிந்து, பழைய மகாபலிபுரம் சாலைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, முதுகுவலியும் வாங்கிவிடுகிற காலம். இந்தத் திட்டங்களில் ஊர் முழுவதையும் வண்ணம் அடித்துப் பிரித்திருப்பார்கள். குடியிருப்புக்கு ஒரு நிறம், வணிகத்துக்கு ஒன்று, தொழிற்சாலைக்கு ஊதா, திறந்தவெளிக்கும் விவசாயத்துக்கும் பச்சை. பார்க்க அழகாக இருக்கும். சட்டகம் போட்டு வரவேற்பறையில் மாட்டலாம். அதற்கு மேல் அதை நம்புகிறவன் தன் கையைச் சுட்டுக்கொள்வான். ஏனென்றால் 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் ஒரு கையால் வண்ணம் அடிக்கச் சொல்லிவிட்டு, இன்னொரு கையால் அழிப்பான் கொடுத்திருக்கிறது. 32-ஆவது பிரிவைப் புரட்டினால் தெரியும். விண்ணப்பம் போடலாம், கட்டணம் கட்டலாம், பச்சையை ஊதாவாக்கிக்கொள்ளலாம். நிலப்பயன்பாட்டு மாற்றம் என்று பெயர்.

முதலில் வரைபடம், அதைப் பார்த்து நிலம் வாங்குவது என்பது பாடப்புத்தக வரிசை. நடைமுறை வரிசை வேறு. முதலில் ஒரு கார் வரும். கண்ணாடியை இறக்காமலே வரப்பைப் பார்க்கும். அடுத்த மாதம் தரகர் வருவார். முன்பணம், அக்ரிமென்ட், பவர் எல்லாம் முடியும். ஏக்கர் சில லட்சத்துக்கு விவசாய நிலமாகக் கைமாறும். அதற்குப் பிறகுதான் அந்த நிலம் ‘தொழில் வளர்ச்சிக்கு மிகவும் ஏற்றது’ என்னும் ஞானம் கோப்பில் உதிக்கும். ஊதா பூசப்பட்ட அன்றைக்கு அதே ஏக்கர் கோடிக்குப் போகும். இடையில் அந்த நிலத்தில் யாரும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை, ஒரு நாற்றுகூட நடவில்லை. மாறியது நிறம் மட்டும்தான். இந்த நாட்டில் வியர்வை சிந்தாமல் பணம் பண்ணுவதற்கு இதைவிடச் சுத்தமான வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. விற்றுவிட்டுப் போன விவசாயி அதே இடத்தில் செக்யூரிட்டி சட்டை போட்டுக்கொண்டு கேட் திறக்கிறார். அவருக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.

மாற்றுவதற்கு முன் மக்களைக் கேட்க வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. கேட்கிறார்கள். நாளிதழின் உள்பக்கத்தில், வங்கி ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற விளம்பரத்துக்கும் நடுவில், கட்டைவிரல் அகலத்தில் ஒரு பத்தி வரும். இன்ன கிராமம், சர்வே எண் இன்னது, அதற்குக் கீழே உட்பிரிவு, பகுதி, மற்றும் பல. விவசாய மண்டலத்திலிருந்து தொழில் மண்டலமாக மாற்றக் கோரப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளவர்கள் குறித்த நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கலாம். அந்த எண்ணுக்குள் ஒரு வாய்க்கால் ஓடுகிறது என்பதையோ, அதன் கீழ்க்கரையில் நானூறு வீடு இருக்கிறது என்பதையோ அந்தப் பத்தி சொல்லாது. அந்த எழுத்தின் அளவுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், அந்த நடைக்கு வக்கீல் வேண்டும். நாள் முடியும். கோப்பில் ஒரு வரி ஏறும்: ஆட்சேபணை ஏதும் வரவில்லை.

உண்மைதான். பள்ளிக்கரணைக்கு ஆண்டுதோறும் வருகிற பூநாரைகள் எதுவும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பவில்லை. கோரைப்புல் வக்காலத்து தாக்கல் செய்யவில்லை. ஒக்கியம் மடுவு நேரில் ஆஜராகவில்லை. ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நிறம் மாறினாலும் தண்ணீர் தேங்குகிற இடத்தில் கட்டக் கூடாதே என்று ஒரு வெகுளி கேட்கலாம். அதற்கும் ஏற்பாடு உண்டு. பொதுப்பணித் துறை என்று இருந்து இப்போது நீர்வளத் துறை என்று பெயர் மாறிய இடத்தில் ஒரு தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சான்றை ஒரு முறை பொறுமையாகப் படித்துப் பார்க்க வேண்டும். நம் காலத்தின் சிறந்த நகைச்சுவை அரசாங்க மை தோய்த்து எழுதப்படுகிறது. இந்த இடம் வெள்ளக் காலத்தில் நீர் தேங்கும் இடம் என்று அதுவே சொல்லும். அடுத்த பத்தியில், ஆகவே மனுதாரர் தரைமட்டத்தை இன்ன மீட்டருக்கு மண் கொட்டி உயர்த்திக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனையோடு ஆட்சேபணை இல்லை என்று முடியும். வாய்க்கால் குறுக்கிட்டால் குழாய்ப் பாலம் போட வேண்டும். வளாகத்துக்குள் மழைநீர் வடிகால் அமைக்க வேண்டும். துறைக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. முத்திரை, கையொப்பம், நகல் ஐந்து.

உயர்த்திக்கொள் என்கிறது அரசு. சரி, உயர்த்த மண் எங்கிருந்து வரும்? இன்னொரு ஏரியிலிருந்து. தூர் வாருகிறோம் என்ற பெயரில் எங்கோ ஓர் ஏரியின் உள்வாயை ஆளுயரத்துக்குத் தோண்டிச் சவுடு அள்ளி, இரவோடு இரவாக டிப்பர் லாரி இங்கே கொட்டும். ஒரே கல்லில் இரண்டு ஏரி. சரி, உயர்த்திய இடத்தில் தேங்க வேண்டிய தண்ணீர் எங்கே போகும்? சான்றில் அந்தக் கேள்விக்குப் பத்தி ஒதுக்கப்படவில்லை. அது பக்கத்துத் தெருவுக்குப் போகும். பக்கத்துத் தெருக்காரர் அடுத்த ஆண்டு கடன் வாங்கித் தன் வீட்டு வாசலை இரண்டடி உயர்த்துவார். தண்ணீர் அதற்கடுத்த தெருவுக்குப் போகும். இப்படியே போய்ப் போய்க் கடைசியில் உயர்த்துவதற்குக் காசில்லாதவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும். முழுமைத் திட்டத்தில் இல்லாத ஒரு நிலப்பயன்பாட்டு மண்டலம் இது. ஒவ்வொரு கார்த்திகையிலும் நடைமுறைக்கு வருகிறது.

2015 டிசம்பரில் வந்தபோது மட்டும் தண்ணீர் ஆளைப் பார்த்து வரவில்லை. வேளச்சேரியில் படகு ஓடிற்று. மென்பொருள் கம்பெனிகள் ஊழியர்களைப் பேருந்தில் ஏற்றிப் பெங்களூருக்கு அனுப்பி வேலையை நடத்தின. செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த நொடிக்கு 29,000 கன அடியைப் பற்றி ஊரே பேசிற்று, பேச வேண்டியதுதான். மத்தியத் தணிக்கைத் துறையே பின்னாளில் அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று எழுதியது. ஆனால் அந்த மனிதர் யாரென்று தேடி எந்தக் காவலரும் எந்த வீட்டுக் கதவையும் தட்டவில்லை. மண் கொட்ட நிபந்தனை போட்ட கை எது, நிறம் மாற்றப் பரிந்துரைத்த குழு எது என்று ஒரு பெயர்கூட வெளியே வரவில்லை. செம்பரம்பாக்கம் அடையாற்றுக்கரையை மூழ்கடித்தது. வேளச்சேரியையும் மடிப்பாக்கத்தையும் மூழ்கடித்தது அவர்களுடைய சொந்தத் தண்ணீர், போக வழியில்லாமல் போன தண்ணீர்.

வழிமறித்து நின்றவர்களுக்கு என்ன தண்டனை? போனஸ். தகவல் தொழில்நுட்பக் கட்டடம் என்றால், மற்றவர்களுக்கு அனுமதிக்கும் தளப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்டிக்கொள்ளலாம் என்று விதியிலேயே சலுகை கொடுத்தார்கள். சதுப்பின் ஓரத்தில் ஒன்றரைப் பங்கு கனம். ஆறு வழிச் சாலை வந்தது, சுங்கச் சாவடி வந்தது. பாதாளச் சாக்கடை மட்டும் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. குடிநீர்க் குழாயும் அப்படியே. நாட்டின் மென்பொருளை எழுதுகிற கட்டடங்களுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வந்தது. அந்த லாரி, தெற்கே இன்னும் ஊதா பூசப்படாத ஏதோ ஓர் ஊரின் பாசனக் கிணற்றை உறிஞ்சிக்கொண்டு வந்தது. காலை ஏழு மணிக்கு எதிரும் புதிருமாக இரண்டு லாரி போகும்: ஒன்றில் நல்ல தண்ணீர் உள்ளே, ஒன்றில் கழிவுநீர் வெளியே. திட்டமிட்ட வளர்ச்சி என்பதை இதைவிடத் துல்லியமாகப் படம் பிடிக்க முடியாது.

அனுமதியே வாங்காமல் கட்டியவர்கள் கதை இன்னும் இனிப்பு. 1998-ல் அதே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் செருகினார்கள். விதி மீறிக் கட்டிவிட்டாயா, பரவாயில்லை, கட்டணம் கட்டு, வரன்முறைப்படுத்தித் தருகிறோம். ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். பிறகு தேதியைத் தள்ளினார்கள், திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். 2006-ல் உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012-ல் 113-சி வந்தது. எழுத்து தீர்ந்துபோகும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். தமிழ்நாட்டின் சட்டத் துறைக்கு இசட் வரைக்கும் இடமிருக்கிறது. வரிசையில் நின்று, அளந்து, ஒவ்வோர் அடிக்கும் இடம் விட்டு வீடு கட்டிய மடையன் மட்டும் இன்றைக்கும் தன் நேர்மையைச் சபித்துக்கொண்டு நிற்கிறான்.

இனி கண்ணகி நகருக்கு வருவோம். இந்த ஊரின் நிலப்பயன்பாட்டுக் கொள்கையை யாராவது ஒரே இடத்தில் நின்று பார்க்க விரும்பினால், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் போதும். 2000-ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில் கண்ணகி நகரில் ஆட்களை இறக்கத் தொடங்கினார்கள். சென்னையின் நடுவில், கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் பக்கிங்காம் கால்வாய் ஓரத்திலும் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். செய்த குற்றம் நீர்நிலை ஆக்கிரமிப்பு. அதற்காக இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் எங்கே வைத்தார்கள்? நீர்நிலையில். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேற்பட்ட குடும்பம். பிறகு செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டு மாடி எட்டு மாடியாக அடுக்கினார்கள். 2015 வெள்ளத்தைக் காரணம் காட்டி, வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லியும் அங்கேதான் ஏற்றி அனுப்பினார்கள். செம்மஞ்சேரியில் மழைக்காலத்துக்கு மழைக்காலம் முழங்கால் தண்ணீர். போலீசில் புகார் கொடுக்கலாம் என்றால், அங்கே காவல் நிலையத்தையே தாமரைக்கேணி என்னும் நீர்நிலையில் கட்டிவிட்டார்கள் என்று வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று.

விடிந்தும் விடியாத நேரத்தில் அந்தக் குறுகலான வீடுகளிலிருந்து பெண்கள் ஷேர் ஆட்டோ பிடித்துப் பழைய மகாபலிபுரம் சாலைக்கு வருகிறார்கள். கழுத்தில் ஒப்பந்தக்காரர் கொடுத்த அட்டை, கையில் சாப்பாட்டுக் கூடை. கண்ணாடிக் கட்டடத்தின் பின்வாசல் வழியாக உள்ளே போய், கழிப்பறையும் தரையும் துடைத்து, மின்தூக்கியின் கண்ணாடியில் விரல் தடம் தெரியாமல் வழிக்கிறார்கள். மாலையில் வெளியே வரும்போது கூடையைத் திறந்து காட்ட வேண்டும். எதையாவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். கட்டடம் நிற்பது சதுப்பை மூடிய மண்மேல். சோதனை நடப்பது அந்தப் பெண்ணின் டிபன் டப்பாவில்.

ஒரே சதுப்பு. ஒருவர் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பாளர், ஜே.சி.பி. வரும். இன்னொருவர் பன்னிரண்டு மாடி போட்டால் முதலீட்டாளர், அமைச்சர் வருவார், குத்துவிளக்கு வரும். சர்வே எண்ணைப் பார்த்து அல்ல, சட்டைக் காலரைப் பார்த்துத்தான் இந்த ஊரில் மண்டலம் பிரிக்கிறார்கள்.

2022-ல் இந்தச் சதுப்புக்கு ராம்சர் அந்தஸ்து கிடைத்தது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாம், வேலிக்கு வெளியே உள்ளதையும் சேர்த்து 1,248 ஹெக்டேர். பெருமையாகச் சுவரொட்டி ஒட்டினார்கள். அந்தப் பெருமை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதைச் சுற்றி எதுவரை கட்டக் கூடாது என்று மட்டும் மூன்று ஆண்டாக வரையறுத்து முடியவில்லை. நிலவுக்குக் கலம் அனுப்பி குறித்த பகுதிக்குள் இறக்கிய தேசம் இது. கடைசியில் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும்வரை எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி கொடுக்காதே என்று தடை போட்டது. உடனே எழுந்தது ஒப்பாரி. கட்டுமானத் தொழில் முடங்கும், வீடு வாங்கியவன் கதி என்ன, வளர்ச்சி என்ன ஆவது. ஒரு கிலோமீட்டர் தடைக்கு இவ்வளவு அழுகிறவர்கள், ஐயாயிரம் ஹெக்டேர் போனபோது எந்தச் சாவு வீட்டில் இருந்தார்கள்?

வடக்கே போனால் நிறம் இன்னும் கறுக்கும். தெற்குக்குக் கண்ணாடி, வடக்குக்குப் புகை என்று இந்த நகரம் எப்போதோ பாகம் பிரித்துவிட்டது. மணலி வட்டாரத்துக்குத் திட்ட வரைபடத்திலேயே ‘சிறப்பு மற்றும் அபாயகரமான தொழில்கள்’ என்று மண்டலம். மனிதர்கள் முன்பே வாழ்ந்துகொண்டிருந்த ஊர்களின் பக்கத்தில் அபாயம் என்று அரசே எழுதி ஒப்புக்கொண்ட பிறகும் யாருக்கும் உறுத்தவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல் மின் நிலையச் சாம்பல் படிந்து இறால் அழிந்ததை மீனவர்கள் தொண்டை வற்றச் சொன்னார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் மணலித் தொழிற்சாலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து ஆற்றில் கலந்து, படகும் வலையும் வீட்டுச் சுவரும் கறுத்தன. மீனவர்கள் வாளியும் மக்கும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். இந்த இரண்டில் ஒன்று பணக்காரர்கள் வாழும் போட் கிளப் சாலையில் நடந்திருந்தால் அடுத்த அமைச்சரவைக் கூட்டத்தில் முழுமைத் திட்டம் மாறியிருக்கும். எண்ணூரில் நடந்ததால் நிவாரணத் தொகை அறிவித்தார்கள்.

தொழிலுக்கென்று ஒதுக்கிய நிலத்திலாவது தொழில் நடக்கிறதா? 1958-ல் கிண்டியில் தொழிற்பேட்டை வந்தது. லேத் பட்டறையும் வார்ப்படமும் வைத்த சின்ன முதலாளிகளுக்காக அரசு போட்ட பேட்டை. இன்று அங்கே பட்டறையை இடித்துக் கண்ணாடி எழுப்புகிறார்கள். 1921-ல் வேலைநிறுத்தத்தால் மாகாணத்தையே உலுக்கிய பெரம்பூர் பின்னி மில் மூடிய பிறகு சினிமாக்காரர்கள் சண்டைக்காட்சி எடுத்தார்கள், அப்புறம் அடுக்குமாடி. நகரத்துக்குள் இருக்கும் ஆலை நிலத்தை வீட்டுமனையாக்கு, ஆலை வைக்க நகரத்துக்கு வெளியே வயலைப் பிடுங்கு. இரண்டு முனையிலும் கமிஷன்.

‘அப்படியானால் வேலைவாய்ப்பு வேண்டாமா, பையன்கள் எங்கே போவார்கள்’ என்று கேட்பார்கள். வேண்டும். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா வந்தது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் தறியையும் நாற்றங்காலையும் விட்டுச் சீருடை போட்டார்கள். 2014 நவம்பரில் வரித் தகராறும் கைமாற்றமுமாக ஆலை பூட்டப்பட்டது. கம்பெனி பெட்டியைக் கட்டிக்கொண்டு போயிற்று. நிலம் திரும்பவும் வயலாகவில்லை. பெண்களுக்குத் திரும்பவும் பதினெட்டு வயதாகவில்லை. வேலைவாய்ப்பின் பெயரால் நிலத்தை எழுதி வாங்குகிறவர்கள், வேலை போனால் நிலம் யாருக்கு என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் எழுதட்டும், அப்போது பேசலாம்.

எழுத மாட்டார்கள். ஏனென்றால் கேள்வி கேட்கும் உரிமையே இல்லாமல் நிலத்தை எடுக்க வழி பண்ணி வைத்திருக்கிறார்கள். 2013-ல் நாடாளுமன்றம் நிலம் கையகப்படுத்துவதற்கு ஒரு சட்டம் போட்டது: சமூகத் தாக்கத்தை ஆராய வேண்டும், பல இனங்களில் நிலம் இழப்பவரின் ஒப்புதல் வேண்டும். தமிழ்நாடு அதிலிருந்து தன் தொழில் நோக்கங்களுக்கான 1997 சட்டத்துக்கு விலக்கு வாங்கிக்கொண்டது. 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அந்த விலக்கு செல்லாது என்றது. அதே மாதமே சட்டமன்றத்தில் உயிர்ப்பித்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. விலக்கு வாங்கியது ஒரு கட்சி ஆட்சி, அனுபவித்தது இன்னொரு கட்சி ஆட்சி. மேடையில் அடித்துக்கொள்கிறவர்கள், அரசின் தொழிற்பூங்கா நிறுவனமான சிப்காட்டின் கோப்பில் மட்டும் அண்ணன் தம்பி.

திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்கு 3,174 ஏக்கர் கேட்டார்கள். மூன்று போகம் விளைகிற மண் என்றார்கள் ஊர்க்காரர்கள். பந்தல் போட்டு நாள்கணக்கில் உட்கார்ந்தார்கள். நாளிதழின் உள்பக்கத்தில் சம்பிரதாயமாகக் கேட்கப்பட்ட ஆட்சேபணைக்கு யாரும் வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்ளும் அரசாங்கத்துக்கு, இதோ, வெயிலில் உட்கார்ந்து உரத்துச் சொல்லப்பட்ட ஆட்சேபணை. வாங்கிக்கொண்டதா? 2023 நவம்பரில் கைது செய்தது. ஏழு பேர் மீது குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ச்சியது. சாராயம் காய்ச்சியவனுக்கும் மணல் திருடியவனுக்கும் வைத்த சட்டம், நிலத்தைத் தர மாட்டேன் என்றவன் மீது. ஊர் கொதித்த பிறகு ஆறு பேர் மீதானதைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசாணை போட்டாகிவிட்டது. 2027-லிருந்து 2046 வரைக்குமான மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கு வண்ணப்பெட்டி திறந்திருக்கிறது. காஞ்சிபுரம், திருவள்ளூர், செங்கல்பட்டு மாவட்டங்களின் ஏரிகள் வரிசையில் நிற்கின்றன. பல்லவன் வெட்டியதும் சோழன் வெட்டியதும் ஊர்க்காரர்களே வெட்டியதும் அதில் உண்டு. எதற்கும் இன்னும் தளப்பரப்புக் குறியீடு கணக்கிடவில்லை.

அதற்குத் தோதாகச் சட்டமும் தயார். 2023 ஏப்ரல் 21, சட்டமன்றக் கூட்டத் தொடரின் கடைசி நாள். அன்றைக்கு நிறைவேறியவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, தொழிலாளியைப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி செய்யும் திருத்தம். இன்னொன்று, சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம்: நூறு ஹெக்டேருக்குக் குறையாத திட்டம் என்றால், நடுவில் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ இருந்தாலும் அதையும் சேர்த்து வளைத்துத் திட்டக்காரரிடம் ஒப்படைக்கலாம், நீரின் கொள்ளளவு குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஏரிக்குக் காவல் வேலிக்கு உள்ளே இருக்கும் கம்பெனி.

பன்னிரண்டு மணி நேரத் திருத்தத்துக்குத் தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. கூட்டணிக் கட்சிகள் முகம் சுளித்தன. பத்தே நாளில், மே தினத்தன்று, முதலமைச்சரே அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். நில ஒருங்கிணைப்புச் சட்டத்துக்கும் விவசாயிகள் கத்தினார்கள், சூழலியலாளர்கள் கத்தினார்கள். நகரத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது, அரசிதழில் வந்தது, விதிகளும் வகுத்தாகிவிட்டது. அது திரும்பப் பெறப்படவில்லை.